விலை சொல்லப் பழகும் நாள்

பெங்களூரு சித்ர சந்தையில் முதன்முறையாகக் கடை விரிக்கும் ஓவியர் ஒரே பகலில் கற்றுக்கொள்வது நிறைய. நம் ஊர் கற்றுக்கொள்ள வேண்டியதும் அங்கே இருக்கிறது.

ஆண்டின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரின் குமார கிருபா சாலையில் வண்டிகள் ஓடாது. சிவானந்தா சர்க்கிளிலிருந்து வின்ட்சர் மேனர் சந்திப்பு வரை போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். குளிர் விலகுவதற்குள் ஆட்டோவிலும் வேனிலும் கேன்வாஸ்கள் வந்து இறங்கும். தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, ஸ்டாண்டை நிறுத்தி, கயிறு கட்டி, கிளிப் மாட்டி, ஓவியர்கள் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். பத்து மணிக்கெல்லாம் சாலையில் தார் தெரியாது. தலைகள் மட்டும்தான் தெரியும்.

கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தை இதுதான். 1960ல் தொடங்கப்பட்ட அந்தக் கலை நிறுவனம், தன் வாசலில் உள்ள சாலையையே ஆண்டுக்கு ஒருநாள் கண்காட்சிக் கூடமாக்குகிறது. இருபது ஆண்டுகளைத் தாண்டி நடந்துவரும் இந்தச் சந்தைக்கு நாடு முழுவதிலுமிருந்து 1,500 பேர் அளவில் ஓவியர்கள் வருகிறார்கள். பார்க்க வருபவர்கள் லட்சக்கணக்கில். 100 ரூபாய்க்கும் படம் கிடைக்கும், லட்ச ரூபாய்க்கும் கிடைக்கும். மைசூர் ஓவியத்துக்குப் பக்கத்தில் மதுபனி இருக்கும், அதற்குப் பக்கத்தில் வார்லி, எதிர்ப்புறம் தஞ்சாவூர். நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஐந்து நிமிடத்தில் முகத்தை வரைந்து கொடுப்பவரைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும்.

இந்தக் கூட்டத்தில் நான் தேடிப் போய்ப் பேசுவது முதல்முறை வந்தவர்களிடம்தான். அவர்களை அடையாளம் காண்பது எளிது. படங்களை மிக நெருக்கமாக மாட்டியிருப்பார்கள். கையில் சில்லறை இருக்காது. யாராவது நின்றால் எழுந்து நிற்பார்கள், பேச மாட்டார்கள். முக்கியமாக, எந்தப் படத்திலும் விலை எழுதியிருக்காது.

கேட்காமலே குறைந்த விலை

கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்து முடித்த ஓர் இளைஞர். இரவு பஸ்ஸில் வந்து இறங்கியவர். காவிரிப் படித்துறைகளையும் கோயில் குளங்களையும் நீர்வண்ணத்தில் வரைந்து கொண்டுவந்திருந்தார். அல்சூரிலிருந்து பேத்தியோடு வந்த ஒரு பெரியம்மா அவர் கடையில் நின்றார்.

"தம்பி, இது காவிரிதானே?"

"ஆமாங்கம்மா. பகவத் படித்துறை."

"எங்கம்மா பொறந்தது கும்பகோணம்ப்பா. என்ன விலை இது?"

"மூவாயிரத்து ஐந்நூறுங்கம்மா..." என்றவர், அந்தம்மா வாய் திறப்பதற்குள், "ரெண்டாயிரம் குடுங்க போதும்" என்றார்.

பெரியம்மா பணத்தைக் கொடுத்து, படத்தை வாங்கிக்கொண்டு, மகிழ்ச்சியாகப் போனார். பக்கத்துக் கடைக்காரர் திருச்சிக்காரர், பல வருடங்களாக வருபவர். அவரால் பொறுக்க முடியவில்லை.

"அவங்க பேரமே பேசலையே தம்பி. நீங்களா எதுக்கு எறங்குனீங்க?"

"விலையைக் கேட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சுண்ணே."

இந்தப் பயம் அந்த இளைஞருக்கு மட்டும் உரியதல்ல. முதல்முறை வெளியில் கடை விரிக்கும் ஓவியர் பலரையும் இது பிடித்துக்கொள்கிறது. வரைவதற்குக் கல்லூரி ஆண்டுக்கணக்கில் சொல்லித் தருகிறது. வரைந்ததற்கு விலை சொல்ல யாரும் சொல்லித் தருவதில்லை. கேலரியில் விற்றால் விலையைச் சொல்வது வேறொருவர், வாங்குபவரின் முகத்தை ஓவியர் பார்க்கவே வேண்டியதில்லை. தெருவில் அப்படி இல்லை. தான் வரைந்த படத்துக்குப் பக்கத்திலேயே நின்று, முன்பின் தெரியாதவரின் கண்ணைப் பார்த்து, ஒரு தொகையைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தச் சில விநாடி மௌனத்தைத் தாங்குவதுதான் முதல் பாடம்.

இந்தத் தயக்கத்துக்கு நம் வீட்டுச் சுவர்களிலும் காரணம் உண்டு. தமிழ் வீடுகளுக்குப் படம் வந்த வழியை யோசித்துப் பாருங்கள். 1894ல் ராஜா ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கி, அரண்மனைகளில் இருந்த லட்சுமியையும் சரஸ்வதியையும் சாமானியரின் பூஜையறைக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு நம் பக்கத்தில் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள், சிவகாசியில் அச்சாகி, காலண்டர்களாக ஊர் ஊராகப் போயின. மளிகைக் கடையும் நகைக்கடையும் அவற்றைச் சும்மா கொடுத்தன. வாரப் பத்திரிகைகளில் கோபுலுவும் மணியம் செல்வனும் வரைந்ததைக் கத்தரித்துப் பாதுகாத்தவர்கள் எத்தனையோ பேர். படத்தின் மீது நமக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் காசு கொடுத்துப் படம் வாங்கும் பழக்கம் நடுத்தர வீடுகளில் உருவாகவே இல்லை. ஓவியருக்கு விலை சொல்லக் கூச்சம், வாங்குபவருக்கு விலை கேட்கக் கூச்சம். இரண்டும் ஒரே இடத்தில் பிறந்தவை.

ஒரு படத்தின் கணக்கு

திருச்சிக்காரர் அந்த இளைஞரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்குப் போட்டார். அதை இங்கே அப்படியே தருகிறேன், புதிதாகக் கடை போட நினைக்கும் யாருக்கும் பயன்படும்.

பருத்தியில் செய்த 300 ஜி.எஸ்.எம். தாள், வண்ணம், மவுண்ட், கண்ணாடியோடு ஃபிரேம் எல்லாம் சேர்த்து 950 ரூபாய். அந்தப் படித்துறைக்கு உழைத்தது முழுதாக இரண்டு நாள். நாளுக்கு 800 ரூபாய் என்று வைத்தால் 1,600. பஸ், தங்குமிடம், சாப்பாடு, ஸ்டாண்டு வாடகை என இந்தப் பயணத்துக்கு ஆகும் 6,000 ரூபாயைக் கொண்டுவந்த 30 படைப்புகளுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 200. ஆக மொத்தம் 2,750. இதில் லாபம் என்று ஒரு பைசாகூட இன்னும் சேரவில்லை. 2,000 ரூபாய்க்குக் கொடுத்தபோது அந்த இளைஞர், தன் உழைப்பிலிருந்து 750 ரூபாயை வாங்கியவருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்.

நாளுக்கு 800 என்பது கொஞ்சம் அதிகமோ என்று அவருக்குச் சந்தேகம். வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிக்க வருபவருக்கு அதற்குக் குறைந்து கொடுத்தால் வேலைக்கு வருவாரா என்று கேட்டார் திருச்சிக்காரர். இளைஞரிடம் பதில் இல்லை. பழைய அட்டையைக் கிழித்து, ஒவ்வொரு படத்துக்கும் விலை எழுதி, கீழ் மூலையில் ஒட்ட ஆரம்பித்தார்.

விலையை எழுதி வைப்பதில் இரண்டு நன்மைகள். ஒன்று, கேட்கக் கூச்சப்பட்டு நகர்ந்துவிடுபவர்கள் நிற்பார்கள். இரண்டாவது, ஆளைப் பார்த்து விலை மாற்றும் சபலம் ஓவியருக்கு வராது. பேரம் வராது என்று அர்த்தமில்லை. பேரம் வந்தால் எதைச் சொல்ல வேண்டும் என்பது தெளிவாகிவிடும். அன்று மதியம் ஒருவர் தாராசுரம் தேர்மண்டபப் படத்தைப் பார்த்து, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றபோது, அந்த இளைஞர் தாளை எடுத்துக் காட்டினார். மலிவான தாள் சில ஆண்டுகளில் மஞ்சளாகிவிடும், இது அமிலம் நீக்கிய பருத்தித் தாள், பேரப்பிள்ளைகள் காலம்வரை இருக்கும் என்று சொன்னார். வந்தவர் தாளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். எழுதியிருந்த விலையைக் கொடுத்தே வாங்கினார்.

செய்முறையைச் சொன்னால் விலை தானே நிற்கும். இதைத் தஞ்சாவூர் ஓவியர்கள் நன்றாக அறிந்துவைத்திருக்கிறார்கள். அவர்கள் கடையில் முடிந்த படத்தோடு, பாதி முடிந்த ஒரு பலகையும் இருக்கும். பலகை மீது துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் கலந்த மக்கை மேடாக எழுப்பி, கல் பதித்து, அதன் மேல் 22 காரட் தங்க ரேக்கு ஒட்டுவதை வரிசையாகக் காட்டுவார்கள். போலி ரேக்கு சில வருடத்தில் கறுத்துப்போகும் என்பதையும் சொல்லிவிடுவார்கள். பக்கத்திலேயே மைசூர் ஓவியர் இருந்தால், அவருடைய மக்கு எவ்வளவு மெல்லியது, கோடு எவ்வளவு நுணுக்கமானது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கவும் வாய்ப்பு. பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "இவ்வளவு விலையா?" என்று யாரும் கேட்பதில்லை. வாங்க முடியாதவர்களும் மரியாதையோடு நகர்கிறார்கள்.

வெயிலும் காற்றும் நெரிசலும்

வெட்டவெளிக் கடைக்கு விலையைத் தவிர வேறு சோதனைகளும் உண்டு. ஸ்டுடியோவில் வரைந்த படத்துக்கு வெயில் தெரியாது. காலை பத்து மணிக்கு நிழலில் இருக்கும் இடம், பன்னிரண்டுக்கு நேர் வெயிலில் நிற்கும். நீர்வண்ணத்தில் சில சிவப்புகள் வெயிலில் வெளுக்கும் இயல்புடையவை. அக்ரிலிக் வண்ணம் சூட்டில் இளகி, மேலே சுற்றிய பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும். பபிள் ராப்பை நேராகப் படத்தின் மேல் சுற்றி எடுத்துவந்து, பிரிக்கும்போது குமிழ்களின் வட்டத் தடம் வண்ணத்தில் பதிந்திருப்பதைப் பார்த்துத் தலையில் கைவைத்த புதியவர்கள் உண்டு. வண்ணத்தின் மேல் முதலில் பட்டர் பேப்பர், அதன் மேல்தான் பபிள் ராப். கேன்வாஸைச் சுருட்ட வேண்டியிருந்தால் வண்ணப் பக்கம் வெளியே இருக்க வேண்டும். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணப் பூச்சு நசுங்கி வெடிக்கும். அகலமான பி.வி.சி. பைப்பில் சுற்றி எடுத்துப்போவது நல்லது. வாங்கியவர் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் கொண்டுபோக வேண்டும் என்பதையும் யோசித்து, அவருக்கும் அப்படியே கட்டித்தர வேண்டும்.

காற்று அடித்தால் ஸ்டாண்டு சாயும். அதன் காலில் மணல்பையோ தண்ணீர் கேனோ கட்டி வைக்கும் அனுபவசாலிகளைப் பார்க்கலாம். லட்சக்கணக்கானவர்கள் கூடும் இடத்தில் செல்போன் நெட்வொர்க் திணறும். கியூ.ஆர். அட்டையை மட்டும் நம்பி வந்தவர், பணம் வந்ததா இல்லையா என்று தெரியாமல் போனையும் வாங்கியவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பார். கொஞ்சம் சில்லறை, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், ரசீதுப் புத்தகம், கத்தரிக்கோல், டேப், தண்ணீர். இவை இல்லாமல் வரக் கூடாது. தனியாக வருபவருக்குக் கழிப்பறைக்குப் போய்வருவதே பெரிய பிரச்சினை. இங்கேதான் பக்கத்துக் கடைக்காரர் கைகொடுக்கிறார். "நீங்க போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒடிசாவிலிருந்து பட்டச்சித்திரம் கொண்டுவந்தவரும் நம் ஊர்க்காரரும் நாள் முழுக்கக் கையசைவிலேயே பேசி, சாயங்காலம் போன் நம்பர் மாற்றிக்கொண்டு பிரிவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, எல்லாப் படமும் ஒரே விலையில் இருக்கக் கூடாது. தூரத்திலிருந்து ஆளை இழுக்க ஒரு பெரிய படம் வேண்டும். அது விற்காமலும் போகலாம். அதைப் பார்த்து நெருங்கி வந்தவர் 300 ரூபாய்க்கு ஒரு பிரின்ட்டோ, 50 ரூபாய்க்கு ஒரு புக்மார்க்கோ வாங்கிப் போகலாம். கல்லூரி மாணவிக்கு அவ்வளவுதான் முடியும். பின்புறம் ஓவியரின் பெயரும் தொடர்பு எண்ணும் இருந்தால் போதும். வேலைக்குச் சேர்ந்து, சொந்தமாக ஒரு வீடு பார்க்கும்போது, அந்த எண்ணுக்கு அவர் அழைக்கக்கூடும்.

பிரின்ட் விற்பவர் ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். அச்சை அச்சு என்றே சொல்லி விற்க வேண்டும். எத்தனை பிரதி போட்டோம், இது எத்தனையாவது என்று பென்சிலால் ஓரத்தில் எழுதி, கையெழுத்திட்டுக் கொடுப்பது நல்ல வழக்கம். அசல் என்று நம்பி வாங்கியவர் பிறகு அச்சு என்று தெரிந்துகொண்டால், அவர் கோபம் அந்த ஓர் ஓவியர் மேல் மட்டும் திரும்பாது.

சிறியதை விற்றுப் பெரியதை எழுப்பியவர்கள்

புக்மார்க்கும் வாழ்த்து அட்டையும் விற்பது கலைஞனுக்கு இழுக்கு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்லூரிகளில் ஆசிரியர்களே சொல்வதுண்டு. அவர்களுக்கு நான் சோழமண்டலத்தைக் காட்டுவேன்.

1960களில் சென்னைக் கலைக் கல்லூரியில் படித்து வெளியே வந்த இளைஞர்களுக்குப் பிழைப்புக்கு வழியில்லை. படம் வாங்க ஆளில்லை. வேறு வேலைக்குப் போனால் வரைய நேரமில்லை. கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர் அவர்களை ஒன்று சேர்த்தார். பாதிக் துணிகளையும் மற்றக் கைவினைப் பொருள்களையும் செய்து விற்றார்கள். அப்படிச் சேர்த்த பணத்தில்தான் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கி, 1966ல் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். வீடு, பட்டறை, கண்காட்சிக் கூடம் எல்லாமே அவர்கள் கட்டிக்கொண்டவை. இந்திய நவீன ஓவியத்தில் 'சென்னை இயக்கம்' என்று இன்று பேசப்படுவதற்கு அந்தக் கிராமம் பெரிய பலமாக இருந்தது. சாயம் தோய்த்த துணியை விற்ற கைகள்தான் அருங்காட்சியகங்களில் இருக்கும் ஓவியங்களையும் வரைந்தன. துணி விற்றதால் ஓவியம் தாழ்ந்துபோகவில்லை. துணி விற்றதால்தான் ஓவியம் பிழைத்தது.

நியூயார்க்கிலும் இதே கதை வேறு விதமாக நடந்திருக்கிறது. பொருளாதாரப் பெருமந்தம் வாட்டிய 1931ல், வாடகை கட்டப் பணமில்லாத ஓவியர் ஜாக்சன் பொல்லாக் தன் படங்களைக் கீழே தூக்கிவந்து, வாஷிங்டன் சதுக்கப் பூங்காவுக்கு அருகே நடைபாதையில் சாய்த்து வைத்து விற்க முயன்றார் என்றும், நண்பர் வில்லெம் டி கூனிங்கும் சேர்ந்துகொண்டார் என்றும் அங்கே நடக்கும் வெளிப்புற ஓவியக் கண்காட்சி தன் தொடக்கத்தைச் சொல்லிக்கொள்கிறது. அந்தக் கண்காட்சி இன்றும் நடக்கிறது. பிற்காலத்தில் உலகின் மிகப் பெரிய விலைக்குப் போன படங்களில் பொல்லாக் படங்களும் உண்டு. நடைபாதையில் நின்ற நாள்கள் அவர் பெயரைக் கெடுத்துவிடவில்லை.

வீட்டிலும் கல்லூரியிலும் இந்த வரலாற்றைச் சொல்லி வளர்த்தால், முதல்முறை கடை விரிக்கும் பிள்ளை தலைகுனிந்து உட்கார்ந்திருக்காது.

வாங்குபவருக்கும் அது முதல் நாள்தான்

சித்ர சந்தையில் என்னை மிகவும் கவர்வது விற்பனைத் தொகை அல்ல, வாங்குபவர்களின் முகம். கேலரியின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகத் தயங்கும் மக்கள், சாலையில் தயங்குவதில்லை. செருப்பைக் கழற்ற வேண்டாம், மெதுவாகப் பேச வேண்டாம், ஒன்றும் வாங்காமல் வந்தால் யாரும் முறைக்க மாட்டார்கள். ஆட்டோ ஓட்டுநர் குடும்பத்தோடு வருகிறார். ஐ.டி. ஊழியர் புது வீட்டு ஹாலின் அளவைப் போனில் எழுதிக்கொண்டு வருகிறார். பிள்ளைகள் ஓவியரிடம் நேராகப் போய், "இது ஏன் நீலமா இருக்கு?" என்று கேட்கிறார்கள். பெரியவர்கள் கேட்கத் தயங்கும் கேள்வி அது. ஓவியர் பதில் சொல்கிறார், பெரியவர்களும் கேட்டுக்கொள்கிறார்கள்.

இப்படி வாங்கிய ஒருவர் அடுத்த ஆண்டும் வருகிறார். இரண்டாவது படம் வாங்கும்போது அவர் அளவையும் சோபா நிறத்தையும் பார்ப்பதில்லை, படத்தைப் பார்க்கிறார். ஒரு நகரத்தில் ரசிகர்கள் உருவாவது இப்படித்தான். 2021ல் கொரோனா காரணமாகச் சந்தை இணையத்தில் நடந்தது. உலகின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம் என்ற வசதி இருந்தும், ஓவியர்கள் தெருவுக்கு ஏங்கினார்கள். கை அகலப் படமும் ஆள் உயரப் படமும் திரையில் ஒரே அளவு. தூரிகை இழுத்த தடம் தெரியாது. நின்று பார்ப்பவரின் முகமும் தெரியாது. அடுத்த ஆண்டு ஜனவரியில் முடியாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனபோதும், சாலையில்தான் நடத்தினார்கள்.

வாங்குபவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சில உண்டு. படத்தைப் போட்டோ எடுக்கும் முன் ஓவியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எடுத்ததைச் சமூக வலைதளத்தில் போட்டால் பெயரையும் போடுங்கள். நீங்கள் வாங்குவது அந்தப் படத்தைத்தான், அதன் பதிப்புரிமையை அல்ல. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்து மூலம் மாற்றிக்கொடுக்காதவரை அந்த உரிமை ஓவியரிடமே இருக்கும். அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அவருடைய வாரிசுகளுக்கு. வாங்கிய படத்தை டீ-ஷர்ட்டில் அச்சடித்து விற்க முடியாது. ஓவியருக்கும் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. அதே சட்டத்தின் 53ஏ பிரிவு, அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆகும்போது, அந்தத் தொகையில் ஓவியருக்கும் ஒரு பங்கு கேட்க உரிமை தருகிறது. அந்தப் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டாது. இந்த உரிமையைக் கேட்க நாளைக்கு ஒரு ஆதாரம் வேண்டும். அதனால்தான் 2,000 ரூபாய்ப் படத்துக்கும் ரசீது எழுத வேண்டும் என்கிறோம். படத்தின் பெயர், அளவு, ஊடகம், தேதி, வாங்கியவர் பெயர், ஓவியரின் கையெழுத்து. ஒரு நகல் ஓவியரிடம். இவ்வளவுதான் வேலை.

நமக்கும் ஒரு தெரு வேண்டும்

குமார கிருபா சாலையில் நடந்தால் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். சென்னை, கும்பகோணம், தஞ்சாவூர், மதுரை, புதுச்சேரி என எல்லா ஊரிலிருந்தும் வந்திருப்பார்கள். அவர்களைப் பார்க்கப் பெருமையாகவும் இருக்கிறது, வருத்தமாகவும் இருக்கிறது. 1850ல் தொடங்கிய கலைப் பள்ளி நம்முடையது. கும்பகோணத்தில் கவின்கலைக் கல்லூரி, மாமல்லபுரத்தில் சிற்பக்கலைக் கல்லூரி, கடற்கரையில் சோழமண்டலம். இவ்வளவும் இருந்தும், தன் படத்தை மக்கள் நடுவே விரிக்க ஓர் இளைஞர் இரவு பஸ் ஏறி அடுத்த மாநிலத்துக்குப் போகிறார். சென்னையில் அவ்வப்போது முயற்சிகள் நடக்கின்றன, நல்ல முயற்சிகள்தான். ஆனால் இந்த நாள், இந்தச் சாலை என்று ஊருக்கே மனப்பாடமாகும் அளவுக்கு, ஆண்டு தவறாமல், அவ்வளவு பெரிதாக ஒன்று நிலைபெறவில்லை.

நம்மால் முடியாது என்று சொல்ல முடியாது. 1977ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் கண்காட்சி, ஜனவரி என்றால் புத்தகம் வாங்கும் மாதம் என்று ஒரு தலைமுறைக்கே பழக்கிவிட்டது. போனஸில் ஒரு பகுதியை அதற்கென்று எடுத்துவைக்கும் குடும்பங்கள் உண்டு. மயிலாப்பூர் திருவிழாவில் வடக்கு மாட வீதியை அடைத்துக் கோலப் போட்டி நடத்தும்போது, தெரு முழுக்க மக்கள் நின்று பார்க்கிறார்கள். பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டிருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் வெட்டவெளிக் கண்காட்சிக்கு ஏற்றவை. தெருவும் இருக்கிறது, காலமும் இருக்கிறது, ஓவியர்களும் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஒருநாள் சாலையை அடைக்க மாநகராட்சியும் போலீஸும் ஒத்துழைக்க வேண்டும். குடிநீரும் கழிப்பறையும், குறிப்பாகப் பெண் ஓவியர்களுக்கு, போதுமான அளவில் வேண்டும். கேலரிகள் விற்பனைத் தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுத்துக்கொள்வது வழக்கம். தெருச் சந்தையில் விற்ற பணம் முழுக்க ஓவியருக்கே போக வேண்டும். இடங்களில் ஒரு பகுதியை முதல்முறை வருபவர்களுக்கென்று ஒதுக்கி, அவர்களை அனுபவசாலிகளுக்குப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். கவின்கலைக் கல்லூரிகள் கடைசி ஆண்டில் விலை நிர்ணயம், ரசீது, பதிப்புரிமை, பேக்கிங் ஆகியவற்றைப் பாடமாகவே வைக்க வேண்டும். முதல் ஆண்டு கூட்டம் குறைவாக இருக்கும். இரண்டாம் ஆண்டும் அப்படியே இருக்கலாம். புத்தகக் கண்காட்சியும் முதல் ஆண்டிலேயே இன்றைய அளவுக்கு வளர்ந்து நிற்கவில்லை. விடாமல் நடத்தினால் ஊர் பழகிக்கொள்ளும்.

அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கோயில் திருவிழாவிலோ கல்லூரி வாசலிலோ பூங்காவிலோ ஒரு புதிய ஓவியர் படம் விரித்திருப்பதைப் பார்த்தால் நில்லுங்கள். விலை கேளுங்கள். கட்டுப்படியானால் சொன்ன விலைக்கே வாங்குங்கள். கட்டுப்படியாகாவிட்டால், எதனால் அந்தப் படம் பிடித்தது என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போங்கள். வரைவதை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவதா, இன்னும் ஒரு வருடம் முயல்வதா என்று அந்த ஓவியர் அன்றிரவு முடிவெடுக்கக்கூடும். அந்த முடிவில் நமக்கும் பங்கு இருக்கிறது.